ஓவன் இல்லாமல் 24 குட்டி பீட்ஸா: அடி கருகுது, சீஸ் உருகல

எச்எஸ்ஆர்_அடுக்களை கேட்டது:

ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு 12 பிள்ளைகள். ஆளுக்கு ரெண்டு, மொத்தம் 24 குட்டி பீட்ஸா வேணும். ஓவன் கிடையாது. ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 26 செ.மீ. நான்ஸ்டிக் ஃப்ரையிங் பேன், இரும்பு தோசைக்கல், இவ்வளவுதான் கையில். மைதாவில் ஈஸ்ட் போட்டு, தட்டி, சாஸ், சீஸ் எல்லாம் பரப்பி, மீடியம் தீயில் வைத்தால் அடி கருகுது. சீஸ் தேங்காய்த் துருவல் மாதிரி அப்படியே நிக்குது. நடுவில் மாவு பச்சை. மூடி போட்டால் தண்ணி சொட்டி நசநசன்னு ஆகுது. எங்கே தப்பு? நேரமும் குறைவாக ஆகிற வழி இருந்தால் சொல்லுங்க.

கல்சட்டி:

ஓவனில் மேலிருந்தும் அனல் இறங்கும். பேனில் சூடு கீழிருந்து மட்டும்தான். பச்சை மாவின் மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்தால், சூடு மாவைத் தாண்டி சீஸுக்கு வருவதற்குள் அடி கரிந்துவிடும். சப்பாத்தியைத் திருப்பாமலே சுடப் பார்ப்பது போலத்தான். முதலில் ஒரு பக்கம் சுடுங்கள், திருப்புங்கள், சுட்ட பக்கத்தின் மேல் சாஸ் தடவுங்கள். கருகல், பச்சை மாவு இரண்டுமே இதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

24 பீட்ஸாவுக்கான அவசரத்தில் ஈஸ்ட் வேண்டாம் என்பேன். ஐந்து பீட்ஸாவுக்கு: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பும் சர்க்கரையும் அரை அரை டீஸ்பூன். சேர்த்துச் சலித்துவிட்டு, கெட்டித் தயிர் 100 கிராம், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். தயிர் நீர்த்திருந்தால் 90 கிராமில் நிறுத்திப் பாருங்கள். மாவு சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிசையாதீர்கள். அதிகம் பிசைந்தால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே வரும். ஈரத்துணி போட்டு 20 நிமிஷம் விடுங்கள்.

பேக்கிங் பவுடர் டப்பா திறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தால், அரை ஸ்பூனைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். சட்டென்று நுரைக்காவிட்டால் அது வெறும் மாவு. அதற்குப் பதில் சோடா உப்பு போட்டால் கால் டீஸ்பூனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மஞ்சள் நிறமும் சோப்பு வாசனையும் வரும்.

50 கிராம் உருண்டையை 10 செ.மீ. வட்டமாக, 5 மி.மீ. கனத்தில் தேய்க்கவும். முள்கரண்டியால் நடுவில் எட்டுப் பத்து இடம் குத்தாவிட்டால் பூரியாக உப்பும்; உப்பின இடத்தில் சாஸ் நிற்காது. எண்ணெய் தடவாத பேனைச் சிறு பர்னரில் ஒரு நிமிஷம் சூடாக்கி, தீயைக் குறைத்து முதல் பக்கம் 2 நிமிஷம். திருப்பி, ஒன்றரை டீஸ்பூன் சாஸ், 20 கிராம் சீஸ், மூடி, சிம்மில் 3 முதல் 4 நிமிஷம். கடைசி அரை நிமிஷம் மூடியை எடுத்துவிட்டால் அடி மொறுமொறுப்பாகும்.

தண்ணீர் சொட்டாமல் இருக்க மூடியின் உட்புறம் பருத்தித் துணி வைத்து, நான்கு முனையையும் மேலே கைப்பிடியில் முடிந்துவிடுங்கள். முனை கீழே தொங்கினால் தீப்பிடிக்கும், கவனம். பேன் ஓரத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடச் சொல்வார்கள். சீஸ் உருகும், வாஸ்தவம்தான். ஆனால் அடி இட்லித் துணி மாதிரி ஈரமாகிவிடும். எப்படிச் செய்தாலும் ஓவனில் வருகிற பொன்னிறப் புள்ளி சீஸின் மேல் வராது. மூடிக்குள் இருக்கும் ஈர ஆவியில் சீஸ் உருகும், சிவக்காது.

பசவனகுடி_மாமி:

கல்சட்டி சொன்ன முறை சரிதான், ஆனா ஈஸ்ட்டை அப்படி ஒரேயடியாத் தள்ளிட வேண்டாம். தயிர் மாவு ஆறினா விறைச்சுடும், ஈஸ்ட் மாவு ஆறினாலும் மெத்துன்னு இருக்கும். மைதா 200 கிராமுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் டீஸ்பூன், கை பொறுக்கிற சூட்டுல தண்ணி 125 மி.லி., எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். ஆறு வரும். கையை வெச்சா சுடற தண்ணின்னா ஈஸ்ட் செத்துடும். நம்ம பெங்களூர்ல ஏப்ரல்ல முக்கால் மணியில பொங்கற மாவு, டிசம்பர் ஜனவரியில ஒன்றரை மணி கேக்கும். அப்போ மாவுப் பாத்திரத்தை ஹாட்பாக்ஸுக்குள்ள, பக்கத்துல ஒரு டம்ளர் சுடுதண்ணியோட வெச்சு மூடிடுங்கோ. 24-க்குன்னா தயிர் மாவே போதும், சூடா சாப்பிட்டுடுவா.

சாஸுக்கு வரேன். நசநசப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். மார்க்கெட்ல நாட்டி (நாட்டு) தக்காளின்னு கிடைக்கறது ரசத்துக்கு அமிர்தம், பீட்ஸாவுக்கு ஆகாது: புளிப்பு, ஒரே தண்ணி. நீளமா, கெட்டித் தோலோட இருக்கற ஹைப்ரிட் தக்காளி வாங்குங்கோ. கால் கிலோவைக் கொதிக்கற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு, தோலுரிச்சு அரைச்சு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில ரெண்டு பல் பூண்டு நசுக்கிப் போட்டு வதக்கி, நூறு கிராமா சுண்டற வரைக்கும் கிளறணும். தக்காளித் தொக்குப் பதம். தட்டுல ஒரு சொட்டு வெச்சு விரலால கோடு இழுத்தா, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தண்ணி கசிஞ்சு சேரப்படாது. காஞ்ச ஓரிகானோ அரை ஸ்பூன், அடுப்பை அணைச்ச அப்புறம். குடமிளகாய், வெங்காயம் பச்சையாப் போட்டாலும் தண்ணி விடும். பெரிய தீயில ரெண்டு நிமிஷம் உப்பில்லாம வதக்கி ஆறவெச்சுக்கோங்கோ.

தவா_கணக்கு:

சீஸ் பத்தி யாரும் சொல்லல. க்யூப், ஸ்லைஸ்னு வர்ற ப்ராசஸ்டு சீஸ் மெழுகு மாதிரி இளகும், நூல் விடாது. அதில் சேர்க்கிற உப்புகள் புரதத்தின் பிடிப்பைத் தளர்த்திடும். கட்டியா வர்ற மொஸரெல்லா சீஸ் வாங்கி வீட்டிலேயே மெல்லிசா துருவுங்க. துருவினதா வர்ற பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் தூவியிருப்பாங்க, சிம் தீயில் அது சீக்கிரம் உருகாது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த உடனே துருவி, துருவினதை 15 நிமிஷம் வெளியே வைங்க. ஜில்லுன்னு போட்டா உருகறதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகும், அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் அடி கருகுது.

இப்ப கணக்கு. 26 செ.மீ. என்பது பேனின் வாய். அடிப்பாகம் சுமார் 22 இருக்கும். 10 செ.மீ. வட்டம் அதில் மூணுதான் படுக்கும், நாலாவதைத் திணிச்சா ஓரம் ஏறி வேகாது. கல்சட்டி சொன்ன அளவை ஐந்து மடங்காக்கினா 25 வரும்: மைதா 750 கிராம், தயிர் 500, பேக்கிங் பவுடர் 5 டீஸ்பூன், உப்பு இரண்டரை, சர்க்கரை இரண்டரை, எண்ணெய் 5 டேபிள்ஸ்பூன். சீஸ் அரை கிலோ. மூணு மணிக்கு அடித்தட்டு (சாஸ், சீஸ் போடாத மாவு வட்டம்) எல்லாம் முடிச்சிடுங்க: ஒரு பக்கம் 2 நிமிஷம், மறுபக்கம் மட்டும் சிவக்க விடாமல் அரை நிமிஷம். கம்பி ஸ்டாண்டில் ஆறினதும் துணியில் சுத்தி டப்பா. சூட்டோட அடுக்கினா வேர்த்து ஒட்டிக்கும். அஞ்சு மணிக்கு சிவந்த பக்கம் மேலே வர மாதிரி வைத்து சாஸ், சீஸ், மூடி. பேன், கல் ரெண்டும் ஓடினா நாலு ஈடு, இருபது நிமிஷத்துக்குள் முடியும்.

எச்எஸ்ஆர்_அடுக்களை:

ரொம்ப நன்றி. சிவந்த பக்கம் மேலே என்பதை யோசிக்கவே இல்லை. ரெண்டு சந்தேகம். பாதி கோதுமை மாவு போடலாமா? இரும்புக் கல்லில் தக்காளி பட்டால் கல் கெட்டுப்போகுமா?

கல்சட்டி:

பாதிக்குப் பாதி போடலாம். கோதுமை தண்ணீர் அதிகம் இழுக்கும். 150 கிராமுக்குத் தயிர் இன்னும் 10 கிராம், ஊறும் நேரம் 30 நிமிஷம். முழுக்கக் கோதுமை என்றால் தடித்த சப்பாத்திதான் கிடைக்கும்.

சாஸ் அடித்தட்டின் மேல்தானே இருக்கிறது, கல்லில் படாது. வழிந்து பட்டால் புளிப்பு கல்லில் படிந்து பழகிய எண்ணெய்ப் பூச்சை அரிக்கும். உடனே துடைத்துவிட்டு, முடிந்ததும் கழுவிச் சூடாக்கி ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட்டால் மறுநாள் தோசை ஒட்டாமல் வரும். கல் சூட்டை லேசில் விடாது என்பதால், மூடி போட்டு இரண்டு நிமிஷம் ஆனதும் அந்த அடுப்பை அணைத்தே விடுங்கள், மிச்சம் உருகுவதைக் கல்லே பார்த்துக்கொள்ளும். நான்ஸ்டிக்கைக் காலியாகப் பெரிய தீயில் விடாதீர்கள், 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதையும்.

பசவனகுடி_மாமி:

சுட்டதைத் தட்டுல வைக்காதீங்கோ, அடியில ஆவி கட்டிப் பத்து நிமிஷத்துல தொளதொளத்துடும். பூரி வடிகட்டற ஜல்லித் தட்டு இருந்தா அதுல வைங்கோ. அப்புறம், ஞாயித்துக்கிழமை காலையிலேயே ஒண்ணே ஒண்ணு சுட்டுப் பாத்துடுங்கோ. உங்க பர்னர் சிம் எவ்வளவு சிம்முன்னு அப்பதான் தெரியும்.