தகுதி சரிபார்ப்புத் தணிக்கை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாளைக் கணக்கர்:

உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகப்பேறு நிதி, காப்பீட்டு அட்டை, காசநோய் உதவித்தொகை என்று நம்ம நெல்லைப் பக்கம் நடக்கும் திட்டங்களில் தகுதியை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று கண்ணால் கண்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். முதலில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் வந்தவை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக் கோப்புகள்தான். 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. இந்தக் கடைசித் தொகையில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். தொகை ஏற ஏறக் கேள்விகளும் கூடின. அதில் தப்பில்லை, பொதுப்பணம். தாய்க்கு 19 வயது ஆகிவிட்டதா, முதல் இரண்டு பிரசவத்துக்குள் வருகிறதா, பிக்மி எண் (கர்ப்பிணிகளைப் பதியும் கணினி எண்) இருக்கிறதா, 12 வாரத்துக்குள் பதிந்தாரா, வங்கிக் கணக்கு அவர் பெயரிலேயே இருக்கிறதா, தடுப்பூசித் தேதி பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெட்டகத்துக்கு இருப்புப் பதிவேடும் வழங்கல் பதிவேடும் தனி.

மாநகராட்சி எல்லைக்குள் ஒரு சுகாதார நிலையத்தில், ஒரே பெண் இரண்டு இடத்தில் பதிந்து இரண்டு முறை பணம் வாங்கியதாகத் தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபணை, எழுதும் கட்டத்தில் இருந்தோம். பெயர் ஒன்று, முதலெழுத்து வேறு. ஆதாரில் அப்பா பெயரின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவர் பெயரின் எழுத்து. புகுந்த வீட்டில் முதல் பதிவு. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்ததும் அங்கே இன்னொரு பதிவு. நம்ம ஊரில் தலைப்பிரசவம் என்றால் இப்படித்தான் நடக்கும். கணினிக்கு மட்டும் அது இரண்டு பெண்கள்.

வங்கிப் புத்தகத்தோடு அந்தப் பெண்ணை வரச் சொன்னோம். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். தடுப்பூசி அட்டை, பாஸ்புக், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு நகல். புத்தகத்தில் ஒரு தவணைதான் வரவாகியிருந்தது. மற்றது எல்லாம் பழைய கணக்குக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. வங்கி இணைப்புக்குப் பிறகு கிளையின் குறியீட்டு எண் மாறியதை யாரும் திருத்தவில்லை. “ரெண்டு தடவ வாங்கிட்டேன்னு சொல்லுதாங்களே சார், ஒரு தடவையாவது முழுசா வந்தாப் போதும்னுல்லா நான் இருக்கேன்” என்றார். தடையை எழுதாமல் விட்டோம். ஆனால் அவருக்கு வரவேண்டிய தொகையை அறிக்கையில் எங்கே எழுதுவது? தகுதியில்லாதவருக்குக் கொடுத்தது வசூலிக்க வேண்டிய இனமாக வந்துவிடும். தகுதியுள்ளவருக்குக் கொடுக்காமல் விட்டதற்கு நான் பார்த்த படிவங்களில் இடமே கிடையாது. கடைசியில் குறிப்புரை என்று தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

என் மனக்குறை இதுதான். பணம் போனவர்களின் பட்டியலில் இருந்துதான் மாதிரிக்குக் கோப்பு எடுக்கிறோம். விட்டுப்போனவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பிறகு எந்தத் தணிக்கையில் அவர் கண்ணில் படுவார்?

மானூர்ச் செவிலியர்:

கணக்கர் ஐயா, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். “12 வாரத்துக்குள் ஏன் பதியவில்லை?” என்று தணிக்கைக்கு வருகிறவர்கள் எங்களைக் கேட்பார்கள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர்களில் பெரியவர்கள் வைத்த வழக்கம். மருமகளுக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று மாமியாருக்குத் தெரிவதற்குள்ளேயே பத்து வாரம் ஓடியிருக்கும்.

அப்புறம் கைபேசி எண். கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பார், வீட்டில் இருக்கும் ஒரே போனும் அவரோடு போய்விடும். ஓடிபி அங்கே வரும், பெண் இங்கே நிற்பாள். கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அங்கன்வாடி அக்காவின் எண்ணைப் பல பெயர்களுக்குப் போட்டிருந்தார்கள். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சுமார் 7.5 லட்சம் பேர் 9999999999 என்ற ஒரே எண்ணில் பதிவாகியிருந்ததாக 2023இல் சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அங்கன்வாடிதான் கண்முன் வந்தது. அதற்குள் திருட்டும் இருக்கலாம். போன் இல்லாத வீடுகளும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

எங்களிடம் வந்த ஒரு தணிக்கையாளர் இதைப் புரிந்துகொண்டார். பட்டியலைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கவில்லை. “வாங்கம்மா, வீட்டைக் காட்டுங்க” என்று எழுந்து வெயிலில் கூடவே நடந்தார். ஒரு வீட்டில் பெட்டகத்தோடு வந்த பேரீச்சம்பழ டப்பாவில் துவரம்பருப்பு போட்டு வைத்திருந்தார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு “பெற்றது சரி” என்று எழுதிக்கொண்டார். இன்னொரு வீட்டில் பெட்டகமே வரவில்லை. எங்கள் வழங்கல் பதிவேட்டிலோ கைநாட்டு இருந்தது. அதை அவர் விடவே இல்லை, விடவும் கூடாது. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் பெட்டகம் வந்து சேர்ந்தது. எனக்கு அவர் மேல் இன்றும் மரியாதை.

முக்கூடல் மகள்:

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கொத்தனார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000. அதை நாள் கணக்கில் வகுத்தால் 200 ரூபாய்கூட வராது. சிமெண்டு தூக்கும் சித்தாள் கூலியே அதைத் தாண்டிவிடும். அதனால் எங்கள் தெருவில் எல்லோருடைய வருமானச் சான்றிலும் 72,000தான். 2022இல் வரம்பை 1,20,000 ஆக்கிய பிறகுதான் உள்ளதைச் சொல்லி வாங்க முடிந்தது. எட்டாத இடத்தில் வரம்பை வைத்தால் ஜனங்களைப் பொய் சொல்ல வைத்த மாதிரிதான் ஆகும்.

அம்மாவை நெஞ்சுவலி என்று ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். குடும்ப அட்டையில் அம்மா பெயரின் கடைசியில் ஒரு ‘ள்’ உண்டு, ஆதாரில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காகச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாடி வீடும் காரும் உள்ளவர்கள் அதே கவுண்டரில் அட்டையை நீட்டிவிட்டு உள்ளே போனார்கள். அவர்கள் பெயரில் எழுத்துப்பிழை இல்லை, அவ்வளவுதான்.

அம்பை ராஜா:

காசநோய் நோயாளிகளுக்கான நிக்ஷய் உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் இருந்து 1,000. இதற்கு வருமான வரம்பே கிடையாது. ஆனாலும் ஓர் இடத்தில் குடும்ப அட்டை நகலும் வருமானச் சான்றும் கேட்டார்கள். “விதியில் இல்லையே அண்ணாச்சி” என்று அங்கிருந்த ஊழியரிடம் சொன்னேன். “நாளைக்கு ஆடிட்டுல கேட்டா நான்லா பதில் சொல்லணும்” என்றார். தணிக்கைக்குப் பயந்து அவராகவே ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டார். மருந்து சாப்பிட்டு எழுந்து நடக்கவே முடியாதவர் வருமானச் சான்றுக்கு எத்தனை முறை அலைவார்?

பாளைக் கணக்கர்:

அம்பைத் தம்பி சொன்னது முக்கியமான விஷயம். கேட்கக்கூடாத சான்றைக் கேட்டதும் விதிமீறல்தான். தணிக்கையில் அதையும் குறையாக எழுதத் தொடங்கினால் கேட்பது நின்றுவிடும்.

முக்கூடல் மகளே, ஆதார், குடும்ப அட்டை இரண்டிலும் எழுத்தை ஒன்றாக்க இப்போதே மனு கொடுத்துவிடுங்கள் தாயி, அவசரம் வந்த பிறகு முடியாது. அடுத்த முறை எங்காவது நிறுத்தி வைத்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். சரியாகாவிட்டால் முதல்வர் உதவி எண் 1100இல் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

இப்போது தணிக்கையில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பணம் வழங்கிய பட்டியலை எடுக்கும் முன் அதே ஆண்டின் கர்ப்பிணிப் பதிவேட்டையும் பிறப்புப் பதிவேட்டையும் எடுங்கள். அதில் இருந்து பெயர்களைப் பிடித்து, இவர்களில் யாருக்குப் பணம் போகவில்லை, ஏன் போகவில்லை என்று கேளுங்கள். ராதாபுரம், வள்ளியூர், களக்காடு பக்கம் யாராவது அப்படி ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.