எழுத உட்கார்ந்தால் ராசா ராணிப் படம் ஓடுகிறது: உங்கள் அனுபவம் என்ன?

கல்லடியிலிருந்து:

நான் எழுதுகிற கதை மட்டக்களப்பில் நடப்பது. வாவிக்கு மேலே கல்லடிப் பாலம் திறந்தது 1924இல், ரயில் வந்தது 1928இல். அந்த இடைக்காலம்தான் கதை. ஆட்களெல்லாம் மனதில் தயார். ஆனால் இரவில் மடிக்கணினியைத் திறந்தால் கை பழங்காலத்தில் நடக்கிற படம் ஒன்றைத்தான் தேடும். ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மனிசி நம்பவில்லை.

எழுதாமல் தப்புகிற வழிதான், மறுக்கவில்லை. என்றாலும் சில நேரம் அங்கேயே ஏதாவது அகப்படும். 'பாரி லின்டன்' (1975) படத்தில் சில காட்சிகளை மெழுகுதிரி வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறார்கள். நாசாவுக்கென்று சைஸ் (Zeiss) என்ற நிறுவனம் செய்த லென்ஸ் அதற்கு உதவியது. அந்த லென்ஸில் ஆள் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் முகம் மங்கிவிடும். அதனால் நடிகர்கள் அதிகம் அசையாமல் இருந்தபடியே கதைக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு என் கதையில் வரும் கடதாசி விளையாட்டை, அதுதான் சீட்டாட்டத்தை, திருப்பி எழுதினேன். முன்பு நாலு பேரும் எழும்பி நடந்து சத்தம் போட்டார்கள். இப்போது அரிக்கன் லாம்பைச் சுற்றி இருக்கிறார்கள். விறாந்தைப் பக்கம் போனவனுக்கு முகம் இல்லை, குரல் மட்டும். கடன் கேட்கிறவன் அந்த இருட்டுக்குள் போய் நின்றுகொண்டுதான் கேட்கிறான்.

உங்களுக்கு எந்தப் படம் இப்படி ஏதாவது தந்தது?

மருதமுனையிலிருந்து:

தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான், கண் உடுப்பில்தான் போய் நிற்கும். 2022இல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தபோது கூட வந்தவர்கள் குந்தவையும் நந்தினியும் சந்திக்கிற காட்சியைப் பற்றியே கதைத்தார்கள். நான் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரித்திரப் படங்கள் பலதிலும் எனக்கு ஒரு குறை: துணி எல்லாம் நேற்றுத்தான் தறியிலிருந்து இறங்கியதுபோல் இருக்கும். பழசானது எங்கே போனது?

உம்மாவிடம் கேட்டேன், அவவுடைய உம்மம்மா காலத்தில் எப்படி என்று. பெருநாளுக்கு எடுத்தது அடுத்த பெருநாள் வரை பெட்டிக்குள். பிறகு வீட்டில் உடுக்க. கிழிந்தால் பிள்ளைக்குத் தொட்டில். கடைசியில் அடுப்படியில் சட்டி இறக்கும் துணி. கேட்டு முடியும்போதே எனக்கு ஒரு சிறுகதை கிடைத்துவிட்டது. ஒரு சேலை வீட்டுக்குள் கைமாறிக்கொண்டே போகும், அவ்வளவுதான் கதை. தொட்டில் வரைக்கும் எழுதியாகிவிட்டது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

எனக்குப் படம் உதவுவதைவிடக் கெடுப்பதுதான் கூட. பெரிய சரித்திரப் படம் ஒன்று பார்த்தால் அந்தக் கிழமை முழுக்க நான் எழுதுவதெல்லாம் மாளிகை, தூண், குதிரை. என் கதையில் ஒரு போடியார், வயற்காணி நிறைய உள்ள பெரிய மனுசன், வருகிறார். அவர் வண்டிலால் இறங்குவதற்கே ஒரு பக்கம் போனது!

பிறகு ஊரில் கூத்துப் பழகுகிற இடத்துக்குப் போனேன். களரிக்கு, அதாவது கூத்தாடுகிற வட்டத்துக்கு, வருகிற அரசன் தான் யார் என்று தானே பாடி ஆடிக்கொண்டு வருவான். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளம், சல்லரித் தாளம், அவன் வாய், இவ்வளவும் போதும், சனம் அரசன் என்று நம்பிவிடும். எழுதுகிற எங்களிடமும் யானை சேனை இல்லையே. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். இப்போது போடியார் சூடடிக்கிற களத்துக்கு நடந்தே வருகிறார், போன போகத்தில் எத்தனை அவணம் நெல் விளைந்தது என்று யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்குகிறார். வண்டில் தேவைப்படவில்லை.

படம் பார்ப்பதை விட்டேனா? இல்லை. எழுதி முடித்த நாளில் மட்டும் பார்க்கிறேன்.

கல்லடியிலிருந்து, மறுபடியும்:

எழுதி முடித்த நாளில் மட்டும் என்றால் நான் படமே பார்க்க முடியாது, அண்ணன்.

மருதமுனைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். பாலம் வந்த பிறகு ஏற்றி இறக்க ஆள் குறைந்துபோன தோணிக்காரன் ஒருவன் என் கதையில் இருக்கிறான். அந்தக் காலத்தில் அவன் இடுப்பில் என்ன கட்டியிருப்பான்? உம்மாவிடம் ஆறுதலாகக் கேட்டுச் சொல்லுங்கள், அவசரமில்லை. பதில் வரும் வரைக்கும் நான் எழுதாமல் இருக்கலாம்.