கோலாலம்பூரை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தவர்கள்: காவிரிப் படுகை அன்பர்களின் அனுபவங்கள்

மயிலாடுதுறையிலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்:

திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருப்பதாலும், 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவைப்படாததாலும், நம் பக்கத்திலிருந்து கோலாலம்பூர் செல்வோர் பெருகிவிட்டனர். அங்கே வழிகாட்டி அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். வழிகாட்டியைவிட அவர் கையில் திணிக்கப்பட்டிருக்கும் நேர அட்டவணைதான் முக்கியம் என்பேன். நாங்கள் சென்ற குழுப் பயணத்தில் அரண்மனை வாயிலில் ஒரு படம், தேசிய நினைவுச்சின்னத்தில் ஒரு படம், 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தின் முன்னால் கழுத்து வலிக்க ஒரு படம் என்று பேருந்து ஓடிக்கொண்டே இருந்தது. 1957 இல் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறிய மெர்டேக்கா சதுக்கத்தில் நின்ற நேரத்தைவிடச் சாக்லேட் கடையில் கழிந்த நேரம் அதிகம். கடையில் விற்பனையானால் கமிஷன் உண்டு என்பதை வழிகாட்டியே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயணத்தை விற்றவர்கள் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்:

மயிலாடுதுறை ஐயா சொல்வது பேருந்துச் சுற்றுலாவுக்கு முற்றிலும் பொருந்தும். நானும் என் மனைவியும் அதைத் தவிர்த்து, பழைய நகரை நடத்திக் காட்டும் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். வந்தவர் ஒரு சீனப் பெண்மணி. தமிழர் ஒருவரை எதிர்பார்த்திருந்த என் மனைவிக்குச் சற்று ஏமாற்றந்தான். ஆனால் ஜாலான் துன் எச்.எஸ்.லீ தெருவில் மகா மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்தவுடன் அந்த ஏமாற்றம் மறைந்தது. 1873 ஆம் ஆண்டு, அங்குள்ள தமிழர்களின் தலைவராக இருந்த தம்புசாமிப் பிள்ளையின் குடும்பத்தார் தொடங்கிய கோயில் இது என்றும், தைப்பூசத்தையொட்டி இங்கிருந்துதான் வெள்ளி ரதம் முருகன் குகைக்கோயிலான பத்துமலைக்குப் புறப்படுகிறது என்றும், அந்த மலையில் சீனர்களும் காவடி எடுப்பதுண்டு என்றும் அவர் தெளிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். பிள்ளையவர்களின் முழுப்பெயர் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை என்று அவர் உச்சரித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காயாரோகணேசுவரர் எங்கள் நாகையில் கோயில் கொண்ட சிவபெருமான் என்பதை நாகைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலுக்கு வெளியே பூ கட்டுபவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். தெருவைக் கடந்தால் சீனர்களின் போர்த் தெய்வமான குவான் டியின் கோயில். ஊதுவத்திப் புகைக்கு நடுவே வணங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் வழிகாட்டி அனுமதி பெற்ற பிறகே எங்களை உள்ளே அழைத்துச் சென்றார். இந்த நாகரிகத்தை நம் ஊர் வழிகாட்டிகள் சிலரும் கற்றுக்கொள்ளலாம். இன்னும் சற்று நடந்தால், சீனர்களின் தலைவராக இருந்த யாப் ஆ லோய் 1864 இல் நிறுவிய சின் சே சி யா கோயில் வருகிறது. அங்கிருந்து வடக்கே, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில், 1909 இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது. வெள்ளீயம் தேடி 1857 இல் படகில் வந்தவர்கள் கரையிறங்கிய இடமும் இந்தக் கூடுமுனையே. நகரம் இங்கிருந்துதான் வளர்ந்தது. காவிரியைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அந்த ஆறுகள் கான்கிரீட் கரைகளுக்குள் அடங்கிய வாய்க்கால்களாகத்தான் தெரியும், அது வேறு விஷயம். தமிழ் முஸ்லிம்கள் கூடும் மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலும் அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான். நாகூர்க்காரர் யாரேனும் உடன் வந்தால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துச் செல்லுங்கள், குத்பா எனும் தொழுகை உரை தமிழில் கேட்கும்.

என் தகப்பனார் இளமையில் நாகை துறைமுகத்திலிருந்து ரஜுலா கப்பலில் ஏறி, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர். அதைச் சொன்னபோது, திட்டத்தில் இல்லாதபோதும் அந்த அம்மையார் எங்களை 1910 இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, துறைமுகத்திலிருந்து வந்த பலர் வண்டி மாறியது இங்கேதான் என்றார். கூடுதல் பணம் எதுவும் கேட்கவில்லை.

திருவாரூரிலிருந்து, பள்ளி அலுவலர்:

நாகை அண்ணா எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது பத்துமலையைப் பற்றி மட்டுமே. எங்களுடன் வந்த வழிகாட்டி கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த தமிழர். காலையில் வெயில் ஏறுமுன் 272 படிகளையும் ஏறச் செய்துவிட்டார். கையில் பழத்தை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும் என்று எச்சரித்தும் எங்கள் சித்தி கேட்கவில்லை; வாழைப்பழம் போயிற்று. 2006 இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் அடியில் நின்று, இதைச் செய்தவர் எந்த ஊர் தெரியுமா என்று அவர் எங்களிடம் கேட்டார். திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி என்று எங்கள் குழுவே ஒரே குரலில் சொன்னதும் திகைத்துப் போனவர், மற்றப் பயணிகளையும் அழைத்து எங்களை அறிமுகப்படுத்தத் தொடங்கிவிட்டார். சேலம் அருகே 2022 இல் குடமுழுக்குக் கண்ட 146 அடி முருகன் சிலையும் அதே ஸ்தபதியின் கைவண்ணம் என்பது அவருக்குப் புதுச் செய்தி. வழிகாட்டிக்கு நாமும் ஏதாவது சொல்ல முடிந்தது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கும்பகோணத்திலிருந்து:

வழிகாட்டி அமர்த்துவோர் கவனிக்க: அந்நாட்டில் சுற்றுலாத் துறையின் உரிமம் பெற்றவர்களே வழிகாட்டியாகப் பணிபுரியலாம்; அடையாள வில்லையை அணிந்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள். பேசும்போதே எத்தனை கடைகளுக்கு அழைத்துச் செல்வார் என்று கேட்டுவிடுங்கள். கடை வேண்டாம், அந்த நேரத்தைப் பழைய தெருக்களுக்குத் தாருங்கள் என்று நாங்கள் கேட்டபோது, கட்டணத்தைச் சற்று உயர்த்தி ஒப்புக்கொண்டார். அந்தக் கூடுதல் தொகை நியாயமானதாகவே எனக்குப் பட்டது.