ஜூலையில் சென்னைக்கு மேலே காற்று நேரெதிராக அடிக்கிறதே, தரவில் பிழையா?

மேகவழி:
மீனம்பாக்கம் வானிலை பலூன் தரவு (நிலைய எண் 43279), காலை 5.30 மணிக்கானது. 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த அடுக்கில் (சுமார் 1.5 கி.மீ. உயரம்) திசை 270° (மேற்கு), வேகம் 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்). 200-இல் (சுமார் 12 கி.மீ.) 90° (கிழக்கு), 45 நாட். கருவிக் கோளாறா? இன்னொன்று, ஓர் அடுக்கில் காலை 350°, மாலை 10°. எக்செல்லில் சராசரி போட்டால் 180° வருகிறது.

கடலோரன்:
கோளாறு இல்லை. கீழே இருப்பது அம்மியைப் பறக்க வைக்கும் ஆடிக்காற்று, அதாவது பருவமழைக் கால மேற்குக் காற்று. உயரே இருப்பது வெப்பமண்டலக் கிழக்கு ஜெட், அதாவது கிழக்கிலிருந்து வேகமாக ஓடும் காற்றோட்டம். இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் விளக்கி எழுதியது இதைத்தான். கோடையில் திபெத் பீடபூமிக்கு மேலுள்ள காற்று, நிலநடுக்கோட்டுக் கடலின் மேலுள்ளதைவிடச் சூடாகிவிடும். வெப்ப வேறுபாடு இப்படித் தலைகீழாவதால் உயரம் கூடக் கூடக் கிழக்குக் காற்று வலுக்கிறது.

சந்தேகம் இருந்தால் இடைப்பட்ட அடுக்குகளைப் பாருங்கள். வேகம் 5, 10 நாட் வரை இறங்கி, திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தால் அது உண்மையான மாற்றம். இரு பக்கமும் பலமான வேகம் இருக்க, ஒரே வரியில் 180° புரண்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பலூன் நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறும். முதல் 20 நிமிடம் வங்கக்கடல் பக்கம் போய், பிறகு கரையை நோக்கித் திரும்பிவிடும். அழகான பாதை அது!

தென்றல்72:
பாகைகளை நேராகச் சராசரி எடுக்கவே கூடாது. u = −வேகம் × சைன்(திசை), v = −வேகம் × காஸ்(திசை) என்று கிழக்கு-மேற்குக் கூறு (u), வடக்கு-தெற்குக் கூறு (v) எனப் பிரித்து, u, v இரண்டையும் தனித்தனியே சராசரி எடுத்துத் திரும்பத் திசையாக்குங்கள். இரு வேளையும் வேகம் ஒன்றானால் 360° வரும். எக்செல் பாகையை ரேடியனாக எதிர்பார்க்கும், மாற்றாமல் விட்டால் விடை தாறுமாறாகும். திசை என்பது காற்று வரும் பக்கம், போகும் பக்கமல்ல.

விண்ட் ஷியருக்கும் (இரு உயரங்களுக்கு இடையிலான காற்று வேறுபாடு) இதே முறைதான். 45-இல் 25 போக 20 நாட் என்று கழித்துவிடாதீர்கள். 850-இல் u = +25, 200-இல் u = −45, வித்தியாசம் 70 நாட். புயல் வளர இந்த வித்தியாசம் ஏறக்குறைய 20 நாட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடல் காற்றழுத்தத் தாழ்வுகள் பெரும்பாலும் புயலாகாமல் கரையேறுவதற்கு இது முக்கியக் காரணம். அக்டோபர் தரவையும் இதே கணக்கில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.