‘ராஜா பால்’ நடனம் நடத்துகிறோம்: கேக்கில் மொச்சை வைப்பது எப்படி?

மன்றச் செயலர்:
அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய சென்ட் ஜெனவீவ், பிரேரி டு ரோஷே ஊர்களில் ஜனவரி 6-இல் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டி ‘ராஜா பால்’ (King's Ball) நடனம் நடக்கும். அதே முறையில் எங்கள் மன்றத்திலும் ஜனவரியில் நடத்துகிறோம். 80 பேர் வருவார்கள், அதில் பாதி ஆண்கள். கேக்கில் எத்தனை மொச்சை, எப்படி வைப்பது? யாருக்கும் அந்தக்கால நடனம் தெரியாது, அதற்கு என்ன வழி?

அடுப்படி:
மொச்சை நான்கு. இல்லினாய்ஸ் ஆளுநராக இருந்த ஜான் ரெனால்ட்ஸ் எழுதி வைத்திருக்கும் வழக்கப்படி, கேக் துண்டுகள் ஆண்களுக்கு. மொச்சை கிடைத்த நால்வரும் ராஜாக்கள். ஆளுக்கொரு ராணியைத் தேர்ந்து பரிசு தரவேண்டும், அடுத்த நடனத்தையும் அவர்களே ஏற்று நடத்தவேண்டும். இந்தக் கடைசிப் பொறுப்பை விட்டுவிடாதீர்கள். அது போனால் மிஞ்சுவது வேஷம் போட்ட விருந்துதான்.

மாவில் போட்டுச் சுட்டால் மொச்சை அடியில் போய் உட்காரும், வெட்டும்போது கத்தி தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கேக் ஆறிய பிறகு துண்டு போடுங்கள். 9×13 அங்குல ட்ரே இரண்டு, ஒவ்வொன்றிலும் 20 துண்டு. நான்கு துண்டுகளை மட்டும் புரட்டி, அடியில் சிறு கீறல் போட்டு மொச்சையைச் செருகிவிட்டு, எல்லாத் துண்டையும் கலந்து அடுக்குங்கள். ஒரே துண்டில் இரண்டு விழாது.

ஒரு ட்ரேக்கு: வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 400, மைதா 375, முட்டை 4, பால் 240 மி.லி., பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி. 180 டிகிரியில் 35–40 நிமிடம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மொச்சை இல்லாத ட்ரே தனியாக. மொச்சை ட்ரேத் துண்டுகளின் எண்ணிக்கை அதிலிருந்து எடுக்கும் ஆண்களின் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கட்டும், மிஞ்சிய துண்டில் ஒரு ராஜா மாட்டிக்கொண்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பல் உடையாமல் மெதுவாகக் கடிக்கச் சொல்லி அறிவியுங்கள்.

பிடில்காரர்:
நடனத்துக்குப் பயம் வேண்டாம். எதிரெதிரே இரண்டு வரிசையாக நின்று ஆடும் கோந்த்ரதான்ஸ் புதியவர்களுக்கு எளிது. ஒரு வரிசையில் ஆறேழு ஜோடிக்கு மேல் வேண்டாம், நீண்டால் கடைசி ஜோடி சும்மா நிற்கும். நான்கு ஜோடி சதுரமாக ஆட 12 அடிக்கு 12 அடி இடம் வேண்டும்.

அசைவுகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு அழைப்பாளர் அவசியம். இசை இல்லாமல் இரண்டு முறை நடந்து காட்டட்டும். ஆட்டத்தில் அடுத்த அசைவை, நடப்பது முடிவதற்கு இரண்டு மூன்று தாளம் முன்பே சொல்லவேண்டும். சரியாக அந்தத் தாளத்தில் சொன்னால் எல்லோரும் ஒரு அடி பின்தங்கி, வரிசை குலையும். வேகம் நிமிடத்துக்கு 105 தாளத்தில் தொடங்கி, பிறகு ஏற்றலாம். ரப்பர் அடிச் செருப்பு தரையைப் பிடித்து முழங்காலைத் திருகும், தோல் அடிதான் நல்லது. மெழுகிட்ட தரையாக இருந்தால் மட்டும் தோலும் வழுக்கும்.

மன்றச் செயலர்:
நன்றி. அந்த ஊர்களில் டிசம்பர் 31 இரவு வீடுவீடாகப் பாடிப்போவார்களே, அதையும் சேர்க்கலாமா?

அடுப்படி:
கட்டாயம் சேருங்கள். அதன் பெயர் லா கியானே. அந்தப் பாட்டே வீட்டாரிடம் பன்றி முதுகுக்கறி கேட்கிறது. அந்தக் காலத்தில் வீடுகளில் கிடைத்த கறி, மாவு, கொழுப்பு எல்லாம் இந்த நடன விருந்துக்குத்தான் போயின. நீங்கள் வீட்டாரிடம் மாவு, சர்க்கரை, வெண்ணெய் கேட்டு வாங்குங்கள், கேக் செலவு அதிலேயே அடங்கிவிடும்.

தேதியிலும் கவனம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடனம் கிடையாது. 2027-இல் அது தொடங்கும் விபூதிப் புதன் பிப்ரவரி 10, ஆகவே ராஜாக்கள் தங்கள் நடனத்தை 9-க்குள் முடிக்கவேண்டும். அரங்கை இப்போதே இரண்டு நாளுக்கும் பிடித்துவையுங்கள். பொறுப்பு ஏற்க முடியாத ஆண்கள் பெண்களுக்கான ட்ரேயிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இதைக் கேக் கொடுப்பதற்கு முன்பே அறிவியுங்கள், மொச்சை கையில் வந்தபின் மறுக்கவிட்டால் அடுத்த நடனத்துக்கு ஆளே இருக்காது.