3+0, 2+1, கிளை வளாகம்: மலேசியாவில் இவை எப்படி வந்தன? சேரும் முன் எதைப் பார்ப்பது?

பந்திங் வாசகி
வணக்கம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு விளக்கத்தாள் தயாரிக்கிறோம். இரண்டு கேள்விகள். 3+0 (மூன்று ஆண்டும் இங்கே), 2+1 (ஈராண்டு இங்கே, கடைசி ஆண்டு வெளிநாட்டில்), கிளை வளாகம் என்று உள்ளூரில் உட்கார்ந்தே வெளிநாட்டுப் பட்டம் வாங்கும் வழக்கம் நம் நாட்டில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது ஏன்? கல்லூரியின் விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு ஒரு பெற்றோர் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

செந்தூல்காரன்
முதல் கேள்விக்குச் சொல்கிறேன். 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தபின் அரசுப் பல்கலைக்கழக இடங்களில் மலாய் மாணவர்களுக்கான ஒதுக்கீடு இறுகியது. இடம் கிடைக்காத சீன, இந்தியப் பிள்ளைகள் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா என்று கிளம்பினார்கள். மலாய் மாணவர்களை அரசே உபகாரச் சம்பளம் கொடுத்து அனுப்பியது. 1980-இல் பிரிட்டனின் தாட்சர் அரசு வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. 1981-இல் பிரதமர் மகாதீர் 'பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு' என்று சொன்னதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். அடுத்த ஆண்டே, ஜப்பானையும் தென்கொரியாவையும் முன்மாதிரியாகக் கொள்ளும் 'கிழக்கை நோக்கும் கொள்கை'. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியோடு ஈராண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு ஜப்பான் என்று ஒரு புதிய தடம் விழுந்தது.

தனியார் கல்லூரிகள் வேறு வழி கண்டன. முதல் ஓரிரு ஆண்டுகளை இங்கே படித்து, மீதியை அங்கே போய் முடிப்பது. அதுதான் 'ட்வின்னிங்'. மருத்துவத்தில் இது இரு திசையிலும் நடந்தது. 1992-இல் தொடங்கிய ஐ.எம்.யூ. (அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம்) பாதிப் படிப்பை இங்கே கொடுத்து மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பியது. பினாங்கு மருத்துவக் கல்லூரி முதல் பாதியை டப்ளினிலும், மலாக்கா-மணிப்பால் கல்லூரி முதல் பாதியைக் கர்நாடகத்திலும் வைத்து, மருத்துவமனைப் பயிற்சியை இங்கே நடத்தின.

1997 ஆசிய நிதி நெருக்கடிதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஒரு அமெரிக்க டாலர் சுமார் 2.50 ரிங்கிட்டாக இருந்தது. 1998 ஜனவரியில் 4.88-ஐத் தொட்டது. 10,000 டாலர் கட்டணத்துக்கு 25,000 ரிங்கிட் ஒதுக்கியிருந்த குடும்பம் திடீரென்று 48,800 தேட வேண்டிய நிலை. கடைசி ஆண்டையும் இங்கேயே முடிக்கும் 3+0 அந்த நெருக்கடியில் பரவியதுதான். 1996-இல் நிறைவேறிய தனியார் உயர்கல்விச் சட்டம் ஏற்கெனவே வெளிநாட்டுக் கிளை வளாகங்களுக்கு வழிவிட்டிருந்தது. 1998-இல் மோனாஷ், 1999-இல் மிரியில் கர்டின், 2000-இல் நாட்டிங்ஹாம் என்று வரிசையாக வந்தன.

தர உறுதி
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். முதலில், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் எம்.கியூ.ஆர். இணையப் பதிவேட்டில் தேடுங்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள், அது போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி, அதுவும் குறிப்பிட்ட வளாகத்துக்கு மட்டும். சுபாங் ஜெயா வளாகத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்பு, அதே கல்லூரியின் பினாங்குக் கிளையில் பெறாமல் இருக்கலாம். தற்காலிக அங்கீகாரமா முழு அங்கீகாரமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொழில் வாரியம். பெற்றோர் அதிகம் சறுக்குவது இங்கேதான். பொறியியலுக்கு இ.ஏ.சி. (பொறியியல் அங்கீகார மன்றம்) பட்டியலில் அந்தப் பட்டமும் அந்த வளாகமும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற அதே பெயருள்ள பட்டம் என்பதால் இங்கே நடக்கும் வகுப்புக்கும் அது தானாக ஒட்டிக்கொள்ளாது. பிரிட்டிஷ் சட்டப் பட்டம் எடுத்தவர் இங்கே வழக்கறிஞராக வேண்டுமென்றால் சி.எல்.பி. (வழக்கறிஞர் தொழில் தகுதி) தேர்வு அல்லது பிரிட்டனில் பாரிஸ்டர் தகுதி தேவை. அதன் செலவையும் காலத்தையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.

பணம்: பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். 2+1-இன் கடைசி ஆண்டுக்கு அது வராது. மூன்றாம் ஆண்டுக் கட்டணம் பவுண்டிலோ ஆஸ்திரேலிய டாலரிலோ இருக்கும். இன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போட்டு நின்றுவிடாதீர்கள். ரிங்கிட் 15 விழுக்காடு சரிந்தாலும் தாங்குமா என்று பாருங்கள்.

சிறியதுதான், ஆனால் பட்டமளிப்பைத் தடுக்கும்: எம்.பி.யூ. எனப்படும் பொதுப்பாடங்கள் எந்தத் துறையானாலும் கட்டாயம். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாத மலேசிய மாணவர் 'பஹாசா கெபாங்சாஆன் ஆ' என்ற தேசிய மொழிப் பாடமும் எடுத்தாக வேண்டும். இதைக் கடைசிப் பருவம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஆசிரியை, ஈப்போ
செந்தூல்காரன் சொன்ன வரலாறு சரி. ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்துவிட்டது போல விளக்கத்தாளில் எழுதிவிடாதீர்கள். ரிங்கிட்டில் கட்டணம் கட்ட முடிந்த நகர்ப்புற நடுத்தரக் குடும்பங்களுக்குத்தான் அது திறந்தது. தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஆங்கிலம் ஒரு தடை, அறை வாடகை இன்னொரு தடை. அரசுப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் மலாய் மாணவர்கள், தனியார் கல்லூரியில் பெரும்பாலும் சீன, இந்திய மாணவர்கள் என்று ஒரே தலைமுறை இரண்டு வகுப்பறைகளாகப் பிரிந்ததும் இதே ஏற்பாட்டின் விளைவுதான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆங்கிலமே முன்னே நிற்பதால் அந்தப் பிளவு சம்பளத்திலும் தொடர்கிறது. 2011-இல் உலக வங்கி, வெளிநாட்டில் வாழும் மலேசியர்கள் சுமார் பத்து இலட்சம் என்றும் அவர்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் என்றும் மதிப்பிட்டது. உலகம் முழுக்கச் செல்லும் பட்டத்தை இங்கேயே தருகிறோம். வாங்கியவர் இங்கேயே தங்க என்ன செய்கிறோம் என்பதையும் பேச வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு), மெட்ரிகுலேஷன் (அரசு ஆயத்தப் படிப்பு) வழிகளைத் தாளின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். நல்ல தேர்ச்சி வாங்கக்கூடிய ஏழைப் பிள்ளைக்கு அவைதான் மிகக் குறைந்த செலவில் பட்டம் தரும் பாதைகள்.

பந்திங் வாசகி
மிக்க நன்றி. ஆசிரியை சொன்னபடியே முதல் பக்கத்தில் போடுகிறோம். இன்னொன்று: படிப்பு முடிந்து ஆஸ்திரேலியாவிலோ இந்தியாவிலோ வேலை, மேற்படிப்பு என்று நினைப்பவர்களுக்கு 3+0, 2+1 இரண்டும் ஒன்றுதானா?

தர உறுதி
இல்லை. ஆஸ்திரேலியாவில் படித்தபின் தங்கி வேலை பார்க்கும் 485 விசாவுக்கு, அந்த நாட்டிலேயே குறைந்தது 92 வாரப் படிப்பை 16 மாதங்களுக்குக் குறையாத காலத்தில் முடித்திருக்க வேண்டும். 1+2 ஏற்பாடு (ஓராண்டு இங்கே, ஈராண்டு அங்கே) இதற்கு இடம்கொடுக்கும். 2+1-இன் ஒரே ஆண்டு போதாது. 3+0-வும் இங்குள்ள ஆஸ்திரேலியக் கிளை வளாகமும் கணக்கிலேயே வராது. சான்றிதழில் அதே பல்கலைக்கழகப் பெயர் இருந்தாலும் அப்படித்தான்.

இந்தியாவுக்கு, அந்நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2025-இல் கொண்டுவந்த விதிமுறையைப் படியுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு கல்லூரி படிப்பை நடத்தும் 'ஃபிரான்சைஸ்' ஏற்பாட்டில் பெற்ற பட்டத்தை இந்தியப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க மாட்டார்கள். கிளை வளாகப் பட்டமென்றால் வளாகம் உள்ள நாடு, தாய்ப் பல்கலைக்கழகத்தின் நாடு இரண்டின் விதிகளுக்கும் அது உட்பட்டிருக்க வேண்டும். ஆகவே 3+0-வில் சேரும் முன், இரு நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் எந்த வகை என்பதைக் கல்லூரிப் பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்க்கை ஆலோசகர் வாய்மொழியாகச் சொல்வதை வைத்து முன்பணம் கட்டிவிட வேண்டாம்.