எஸ்.பி.சி. 2 டன் எடுக்கலாமா? அவசரம்

புதுமனை79:
வணக்கம். சொந்த வீடு கட்டுகிறேன், திங்கட்கிழமை வானம் (அஸ்திவாரக் குழி) பறிக்க ஆள் வருகிறது. பிளான் போட்டவர் எஸ்.பி.சி. (மண் பாதுகாப்பாகத் தாங்கும் பாரம்) 2 டன் என்று வைத்து, தூணுக்கு அடியில் 4க்கு 4 அடி ஃபுட்டிங் (அடித்தளம்), 5 அடி ஆழம் கொடுத்திருக்கிறார். மேஸ்திரி பத்தாது என்கிறார். யார் சொல்வது சரி?

சைட்மதுரை:
2 டன் சதுர அடிக்கா, சதுர மீட்டருக்கா? சதுர அடிக்கு என்றால் சதுர மீட்டருக்கு 21 டன்னுக்கு மேல் வரும். நல்ல கெட்டி மண் வேண்டும். சதுர மீட்டருக்கு என்றால் அது சேறு. எந்த ஊர், என்ன மண், எத்தனை மாடி?

செங்கல்சூளை:
அக்கம்பக்கத்தில் எத்தனை அடி ஆழம் போட்டார்கள் என்று கேளுங்கள் அண்ணே. எங்கள் தெருவில் எல்லாரும் 6 அடி, ஒரு வீட்டிலும் விரிசல் இல்லை.

பழையபொறியாளர்:
மண் என்னவென்று சொல்லாமல் எஸ்.பி.சி. கேட்பவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது? ஐ.எஸ். 6403 (அஸ்திவாரத்துக்கு மண் தாங்கும் பாரம் கணக்கிடும் இந்தியத் தரநிலை) எடுத்துப் படியுங்கள். களிமண்ணில் சதுர ஃபுட்டிங் என்றால் வெட்டு வலிமையை (மண் சறுக்கி உடையாமல் தாங்கும் வலிமை) ஏறக்குறைய 6.7ஆல் பெருக்கி, பாதுகாப்புக்கு 3ஆல் வகுக்க வேண்டும். வலிமை சதுர மீட்டருக்கு 5 டன் என்றால் 11 டன் கிடைக்கும். இரண்டு வரிக் கணக்கு.

புதுமனை79:
மன்னிக்கவும், சதுர அடிக்குத்தான். கோவில்பட்டி பக்கம், கரிசல். கீழே ஒன்று, மேலே ஒரு மாடி. ஒரு தூணுக்கு அதிகபட்சம் 32 டன் வருமாம். கோடையில் கை நுழைகிற அளவுக்கு நிலம் வெடிக்கும்.

சைட்மதுரை:
கரிசல் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். காய்ந்த கரிசலில் கடப்பாரை கூட இறங்காது, அதைப் பார்த்துத்தான் 2 டன் எழுதிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் அதே மண் இளகி உப்பும். சதுர மீட்டருக்கு 10 டன் என்று வைத்தாலே உங்கள் 4 அடி ஃபுட்டிங் 6 அடியாகிவிடும். அதைவிட முக்கியம், வெடிப்பு எத்தனை அடி இறங்குகிறது என்பது. ஃபுட்டிங் அதற்குக் கீழே உட்கார வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு அகலம் போட்டாலும் மண் உப்பும்போது வீட்டைத் தூக்கும். மாடி வீட்டின் பாரம் அதை அடக்கப் போதாது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த மண்ணைச் சலித்து 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாயில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. ஒரு நாள் கழித்து மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 18 மி.லி. என்றால் உப்பல் 80 சதவீதம். 50 தாண்டினாலே யோசிக்க வேண்டிய மண்.

கம்பிகட்டு:
பிளேட் லோடு டெஸ்ட் (குழியில் தகடு வைத்துப் பாரம் ஏற்றிப் பார்ப்பது) வைத்தால் ஒரே நாளில் விடை கிடைக்குமே?

சைட்மதுரை:
30 செ.மீ. தகட்டின் அழுத்தம் 60 செ.மீ. ஆழத்துக்குத்தான் போகும். 6 அடி ஃபுட்டிங்கின் அழுத்தம் 12 அடிக்குப் போகும். கீழே இளகிய மண் இருந்தால் தகட்டுக்குத் தெரியாது.

கம்பிகட்டு:
பிளேட் டெஸ்டை நம்பி எத்தனையோ கட்டடம் நிற்கிறது. எஸ்.பி.டி. (சுத்தியலால் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, அடிகளை எண்ணும் சோதனை) மட்டும் என்ன ஒழுங்கு? 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட வேண்டும். சைட்டில் கயிறு இழுக்கிறவர் கை வலித்தால் 60 செ.மீ.தான்.

பழையபொறியாளர்:
மேற்பார்வை இல்லாததற்குச் சோதனையைக் குறை சொல்லக் கூடாது. களிமண்ணில் எஸ்.பி.டி. எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்கவே கூடாது; கலையாத மண் மாதிரி எடுத்து வலிமை பார்க்க வேண்டும். கரிசலுக்கு ரூர்க்கியில் வகுத்த அண்டர் ரீம்டு பைல் (அடிப்பாகம் அகன்ற, ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) இருக்கிறதே, 3.5 மீட்டர் இறக்கினால் முடிந்தது.

செங்கல்சூளை:
மாடி வீட்டுக்கு பைலா? செலவு யார் கொடுப்பது?

பழையபொறியாளர்:
விரிசலை வருஷா வருஷம் பூசுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புதுமனை79:
எல்லோருக்கும் நன்றி. ஒரு மூலையில் குழி எடுத்தோம். வெடிப்பு ஐந்தரை அடி வரை போகிறது, 7 அடியில் சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக் கல் படிவம்) தட்டியது. திங்கள் வேலையை நிறுத்திவிட்டேன்.

சைட்மதுரை:
நல்லது. சுக்கான் எத்தனை அடி கனம்? அதற்குக் கீழே திரும்பவும் களி இருக்கிறதா என்று ஒரு போர் போட்டுப் பாருங்கள். எதிர் மூலையிலும் ஒரு குழி எடுங்கள், சுக்கான் சரிந்து போயிருக்கலாம்.

சைட்மதுரை:
தம்பி, எதிர் மூலையில் பார்த்தீர்களா?